ஸ்பூஃப் எடுக்கப் போற பேராண்டிக்கு

வாங்க டைரக்டர் சார், உக்காருங்க. திண்ணையில கோழி இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்கு, பாத்து உக்காருங்க. பஸ்ஸை விட்டு இறங்கினதும் இறங்காததுமா "தாத்தா, நான் ஒரு ஸ்பூஃப் எடுக்கப் போறேன்"னு சொன்னே. அடுப்படியில இருந்து உங்க அப்பத்தா எட்டிப் பாத்து, "சூப்பா? புள்ளைக்கு வயிறு சரியில்லையா, மிளகு தட்டிப் போடவா?"ன்னு கேட்டா. அவளைக் குத்தம் சொல்லாதே. இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து ரிடையராகி, இப்ப ஆடுகளுக்குக் கிராமர் நடத்திக்கிட்டிருக்கிற எனக்கே அந்தச் சொல்லு மேல ஒரு சந்தேகம் எப்பவும் உண்டு. அது பொறந்த எடம் அப்படி.

மத்த இங்கிலீஷ் சொல்லெல்லாம் லத்தீன் வம்சம், கிரேக்க வம்சம்னு குலப்பெருமை பேசும். உன் ஸ்பூஃபுக்கு அப்பன் ஒரு கூத்தாடி. ஆர்தர் ராபர்ட்ஸ்னு பேரு; லண்டன் மியூசிக் ஹால்கள்ல பாட்டும் கேலியுமாப் பொழச்ச ஆளு. 1852-ல பொறந்து 1933-ல போய்ச் சேந்தான். அவன் ஒரு ஆட்டத்தைக் கண்டுபிடிச்சு, வாயில வந்த ஒரு ஓசையை அதுக்குப் பேரா வச்சுட்டான். 1880-கள்ல அது அச்சுலயும் ஏறிடுச்சு. ஆட்டம் என்னன்னு கேக்கிறியா? எதிராளியை ஏமாத்துறதுதான் ஆட்டமே. இன்னிக்கும் அங்க சாராயக் கடைகள்ல அதே பேர்ல ஒரு ஆட்டம் நடக்குது. ஆளுக்கு மூணு காசு. அதுல எத்தனையை வேணாலும் பொத்தின கைக்குள்ள வச்சு நீட்டலாம், வெறுங்கையாவும் நீட்டலாம். எல்லார் கையிலயும் சேத்து மொத்தம் எத்தனைன்னு சரியாச் சொன்னவன் ஒதுங்கிக்குவான். கடைசி வரைக்கும் மாட்டிக்கிட்டு முழிக்கிறவன் எல்லாருக்கும் வாங்கி ஊத்தணும். நம்ம ஒத்தையா ரெட்டையாதான். புளியங்கொட்டைக்குப் பதிலா பென்னி, அவ்வளவுதான்.

ஆக, பொறந்தப்ப அதுக்கு அர்த்தம் டுபாக்கூர் வேலை. அப்புறம் எந்தப் புரட்டுக்கும் அந்தப் பேரே ஆகி வந்துச்சு. ஒரு படத்தை அதே மாதிரி பண்ணிக் காட்டிச் சிரிக்க வைக்கிறதுன்னு நீ சொல்றியே, அந்த அர்த்தம் போன நூற்றாண்டு பாதிக்கு வந்தப்புறம்தான் வந்து ஒட்டிக்கிச்சு. நடுவுல பட்டாளத்துலயும் கொஞ்ச நாள் இருந்துச்சு. ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் விமானப் படைக்காரன் அலுமினியத் தாள் துண்டுகளைக் கத்தை கத்தையா வானத்துல இருந்து கொட்டினான். ஜெர்மன்காரன் ரேடார்ல எது விமானம், எது தாளுன்னு தெரியாமக் கண்ணைக் கசக்கினான். 1943 ஜூலையில ஹாம்பர்க் ஊருக்கு மேலதான் முதல்ல கொட்டினது. அப்புறம் இந்தத் தாளையும் நாலு விமானத்தையும் வச்சு ஒரு ஊருக்குப் போற மாதிரி போக்குக் காட்டிட்டு, நெசப் படை வேற ஊர்ல போய்க் குண்டு போடும். அந்தப் போக்குக்குப் பேரு ஸ்பூஃப் ரெய்டு. உன் சொல்லு எத்தனை உத்தியோகம் பாத்திருக்கு பாரு. உங்கப்பன் கூட இத்தனை பாக்கலை.

சரி, பாசைக்கு வா. ஸ்பூஃப் எடுக்கப் போறேங்கிறே, பேரடி எடுக்கப் போறேங்கிறே, ட்ரோல் பண்ணப் போறேங்கிறே. மூணையும் ஒரே உரல்ல போட்டு இடிக்கிறே. பேரடிங்கிறதுதான் இதுல மூத்தது. கிரேக்கச் சொல்லு. நம்ம எழுத்துல எழுதிப் பாத்தா 'பெரிய அடி'ன்னு அர்த்தம் வருது, அது தற்செயலா இல்ல அனுபவமான்னு எனக்குத் தெரியாது. அரிஸ்டாட்டில் இந்த வேலையை முதல்ல செஞ்சவன்னு தாசோஸ் தீவுக்காரன் ஹெகமோனைச் சொல்லி வச்சிருக்காரு. ஹோமர் பாடின வீரப் போர் நடையிலயே எலிக்கும் தவளைக்கும் நடந்த சண்டையை ஒருத்தன் பாடி வச்சிருக்கான். ஆளுக்கு ஆள் கவசம் உண்டு, வசனம் உண்டு, ஆனா மீசை மட்டும் எலி மீசை. குறிப்பிட்ட ஒரு பாட்டை, ஒரு ஆளோட எழுத்தை எடுத்து, அதே தாளத்துல வேற சரக்கை ஏத்துறது பேரடி. ஒரு வகைப் படம் முழுக்க, பேய்ப் படமோ போலீஸ் படமோ, அதோட பழக்க வழக்கத்தையெல்லாம் எடுத்துக் கொட்டிக் கவுக்கிறது ஸ்பூஃப். அதுல கொஞ்சம் விளையாட்டுத்தனம் கூட. நம்ம நையாண்டி இருக்கே, அது ஆளையும் ஊரையும் அரசாங்கத்தையும் குத்தும். அதுக்கு யாரையும் காப்பி அடிக்கணும்னு அவசியம் கிடையாது. ட்ரோல்ங்கிறது வேலை இல்லாதவன் வேலை, அதை விடு.

இதுல எனக்குப் பிடிச்ச சூட்சுமம் ஒண்ணு இருக்கு. ஸ்பூஃபும் திருட்டுத்தான். ஆனா பிடிபடணும்னு ஆசைப்படுற திருட்டு. பாக்கிறவன் "ஏய், இது அதுல்ல!"ன்னு கையும் களவுமாப் பிடிக்கணும், பிடிக்கிற அந்த நொடியிலதான் சிரிப்பு. பிடிபடாமப் போயிருச்சுன்னா அதுக்கு வேற பேரு, வேற செக்சன்.

1957 ஏப்ரல் 1-ந் தேதி பிபிசி டெலிவிசன்ல 'பனோரமா'ங்கிற நிகழ்ச்சி. செய்தியை ஆராய்ஞ்சு சொல்ற, சிரிப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாத நிகழ்ச்சி. பேசினவர் ரிச்சர்ட் டிம்பிள்பி. ராணி முடிசூட்டு விழாவுக்கே வர்ணனை சொன்ன கனத்த குரல். அன்னிக்கு அவர் சொன்ன செய்தி: சுவிட்சர்லாந்து தெக்குப் பக்கம் டிச்சீனோ ஊர்ல இந்த வருசம் ஸ்பெகட்டி அமோக விளைச்சல். படத்துல பாத்தா மரத்துல கொத்துக் கொத்தா ஸ்பெகட்டி தொங்குது, பொம்பளைங்க பறிச்சுக் கூடையில போட்டு வெயில்ல காயப் போடுறாங்க. எல்லா இழையும் ஒரே நீளத்துல இருக்கே எப்படின்னா, ரகம் வளக்கிறவங்க பல வருசம் பொறுமையாப் பாடுபட்ட பலனாம். ஸ்பெகட்டிக் கூன்வண்டும் ஒழிஞ்சுபோச்சாம்! அந்த வண்டுதான் பேராண்டி எனக்கு உசுரு. மரத்துல ஸ்பெகட்டி காய்க்குதுன்னு எவன் வேணாலும் புளுகலாம். அதுக்குப் பூச்சி விழுந்துச்சு, இப்ப அதுவும் ஒழிஞ்சுபோச்சுன்னு சொல்றவன் சம்சாரி வீட்டுத் திண்ணையில உக்காந்து கேட்டுட்டுப் போனவனாத்தான் இருப்பான்.

அந்தக் காலத்து இங்கிலாந்துல ஸ்பெகட்டி அவ்வளவாப் புழக்கத்துல இல்ல. தக்காளிக் குழம்புல ஊறி டப்பாவுல வர்றதுதான் பல பேருக்குத் தெரிஞ்சது. அதனால நெறையப் பேரு நம்பிட்டாங்க. போன் மேல போன். சில பேரு நம்ம தோட்டத்துலயும் ஒரு கன்னு வைக்கலாமான்னு கேட்டாங்களாம். ஒரு ஸ்பெகட்டிக் குச்சியைத் தக்காளிக் குழம்பு டப்பாவுல நட்டு வச்சு, நல்லது நடக்கும்னு நம்புங்கன்னு பதில் சொன்னாங்க. விவசாய யோசனையில இதைவிடத் தெளிவா நானும் கேட்டதில்ல. ஆனா கவனி: தேதி ஏப்ரல் 1. கதவுல சாவியைத் தொங்க விட்டுட்டுத்தான் பூட்டினாங்க.

சாவியே இல்லாமப் பூட்டுறவன் இருக்கான். அவனுக்கும் அதே சொல்லுதான் பேரு, அதுதான் வேடிக்கை. லண்டன் பக்கம் ஹவுன்ஸ்லோவுல பெத்தவங்க வீட்டுல இருந்துக்கிட்டே கம்ப்யூட்டர்ல அமெரிக்கப் பங்குச் சந்தை வியாபாரம் பண்ணினவன் நவீந்தர் சிங் சராவ். விக்கப் போறேன், விக்கப் போறேன்னு பெரிய பெரிய ஆர்டராப் போடுவான். ஊரே பயந்து விலையை எறக்கும். ஆர்டர் நடக்கிறதுக்குள்ள அதை ரத்து பண்ணிடுவான். எறங்கின விலையில லாபம். 2010 மே 6-ந் தேதி அமெரிக்கச் சந்தை சில நிமிசத்துல கிட்டத்தட்ட 1000 புள்ளி சரிஞ்சு திரும்ப எந்திரிச்சுதே, அந்தக் கூத்துல இவன் கையும் இருக்குன்னு வழக்குப் போட்டாங்க. 2016-ல குத்தத்தை ஒத்துக்கிட்டான். குத்தத்தோட பேரு? ஸ்பூஃபிங். அமெரிக்கக்காரன் 2010-ல போட்ட சட்டத்துலயே அந்தப் பேரை எழுதி வச்சிருக்கான்.

ரொம்பத் தூரம் போவானேன். வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு, நம்ம நாட்டு நம்பர் தெரியிற மாதிரி நமக்குப் போன் போடுறானே, அதுவும் ஸ்பூஃபிங்தான். அதைத் தடுக்க மத்திய அரசு 2024 அக்டோபர்ல ஒரு ஏற்பாடு கொண்டாந்துச்சு. முதல் 24 மணி நேரத்துல பிடிபட்ட அழைப்பு 1.35 கோடி. 1.35 கோடி வேசம் ஒரே நாள்ல! நம்ம ஊர்த் திருவிழாவுல ஒரு ராஜபார்ட்டுக்கு நாலு வருசமா ஆள் தேடுறோம். வீடியோவுல காக்கிச் சட்டை போட்டு, பின்னாடி கொடி வச்சு, "உன்னைக் கைது பண்ணியாச்சு, அறையை விட்டு வெளிய போகாதே"ன்னு பென்சன்காரங்களை மிரட்டுறானே, அவன் போலீஸ் படத்தை உன்னைவிட நல்லாப் படிச்சிருக்கான். ஒரே ஒரு இடத்துல கண்ணடிக்க மறந்துட்டான், வேணும்னே.

நீ கண்ணடிக்கணும். எப்படி அடிக்கிறதுங்கிறதுதான் தொழில். இங்கதான் உங்க யூடியூப் பசங்க கெட்டுப் போறீங்க. ஒரு ஜோக்கைச் சொல்லிப்புட்டு நீங்களே முதல்ல சிரிக்கிறீங்க, பின்னாடி ஒரு 'டொய்ங்' சத்தம் வேற. 1980-ல வந்த 'ஏர்ப்ளேன்!' படத்தைப் பாரு. ஜிம் ஆப்ரஹாம்ஸ், டேவிட் ஜக்கர், ஜெர்ரி ஜக்கர்னு மூணு பேரு. 1957-ல வந்த 'ஜீரோ அவர்!'ங்கிற படம் அவங்க கண்ணுல பட்டுச்சு. விமானத்துல மீன் சாப்பாடு தின்னவனெல்லாம் படுத்துக்கிறான், பைலட்டும் படுத்துக்கிறான், போருக்கு அப்புறம் விமானம்னாலே நடுங்குற ஒருத்தன்தான் எறக்கணும். சிரிப்புக்கு எடுத்த படம் இல்ல. உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பாக்கணும்னு எடுத்தது. இந்த மூணு பேரும் என்ன செஞ்சாங்க தெரியுமா? அந்தப் படத்தோட உரிமையைக் காசு குடுத்து வாங்கினாங்க. கதையை அப்படியே வச்சுக்கிட்டாங்க, ஹீரோ பேரைக் கூட ஒரு எழுத்து மட்டும் மாத்தி வச்சுக்கிட்டாங்க. பல வசனம் பழைய படத்துல இருக்கிறபடியே இருக்கு. தலைப்புல இருந்த ஆச்சரியக்குறியைக்கூட விடலை.

அதைவிடப் பெரிய வேலை, காமெடியனைக் கூப்பிடாதது. லெஸ்லி நீல்சன், ராபர்ட் ஸ்டாக், லாய்ட் பிரிட்ஜஸ், பீட்டர் கிரேவ்ஸ்: அத்தனை பேரும் அதுவரைக்கும் விறைச்ச முகத்தோட அதிகாரியாவும் டாக்டராவும் நடிச்சுக்கிட்டிருந்தவங்க. அதே முகத்தை வச்சுக்கிட்டு அதே குரல்ல பைத்தியக்காரத்தனத்தைப் பேசுங்கன்னாங்க. நீல்சன் அந்தப் படத்துல ஒருதடவை சிரிச்சிருந்தா படம் அங்கயே தரையைத் தட்டியிருக்கும். அதுக்கப்புறம் அந்த மனுசனுக்குப் பெரும்பாலும் வேற பொழப்பே இல்லாமப் போச்சு, சாகிற வரைக்கும் சிரிப்பு டாக்டர்தான், சிரிப்புப் போலீஸ்தான். அதுவும் ஒரு விதி.

நம்ம ஆளுக்கு இது தெரியாதா? என்.எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' காலட்சேபம் பண்ணினாரே, 1949-ல 'நல்லதம்பி' படத்துல வருதே. கோபாலகிருஷ்ண பாரதியாரோட நந்தனார் சரித்திரத்தைத்தான் எடுத்துக்கிட்டாரு. நந்தனுக்குச் சிதம்பரம் போகணும். கிந்தனுக்குப் பட்டணம் போய்ப் படிக்கணும். பாகவதர் உடம்பசைவு, இழுவை, நடுவுல நிறுத்திக் கதை சொல்றது, எல்லாம் அச்சு அசல். காலட்சேபத்தை வருசக் கணக்கா உக்காந்து கேட்டவன்தான் அப்படிச் செய்ய முடியும். அரைகுறையாத் தெரிஞ்சவன் பண்ணினா அது மிமிக்ரி. கிந்தனாரைப் பாத்துட்டு நந்தனாரை எவனும் எளக்காரமாப் பேசலை, அதையும் கவனி. நந்தனுக்கு மறுத்த கதவைத்தான் கிந்தன் வேற தெருவுல போய்த் தட்டினான்.

சில நேரம் நகல் அசலையே முழுங்கிடும். ஐசக் வாட்ஸ்னு ஒரு பாதிரியார் 1715-ல பிள்ளைகளுக்கு நல்லொழுக்கப் பாட்டு எழுதினாரு: தேனீ எப்படி ஓயாம உழைக்குது பாரு, நீயும் உழைன்னு. இங்கிலாந்துல ஒரு பிள்ளை விடாம மனப்பாடம் பண்ணி அவதிப்பட்டுச்சு. 1865-ல லூயி கரோல் 'ஆலிஸ்' கதையில தேனீயைத் தூக்கிட்டு முதலையை வச்சாரு. அது பளபளன்னு வாலை ஆட்டிக்கிட்டு, பல்லைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டே மீனை வரவேற்குது, வாய்க்குள்ள. இன்னிக்கு முதலையைத் தெரிஞ்சவன் ஆயிரம் பேரு இருந்தா, தேனீயைத் தெரிஞ்சவன் அந்த முதலைக்கு அடிக்குறிப்பு எழுதுற பேராசிரியர் மட்டும்தான். நீ கிண்டல் பண்ணப் போற படத்து டைரக்டர் கவலைப்பட வேணாம்னு சொல்லு. உன் வீடியோவால அவருக்கு அந்த ஆபத்து வராது.

கோவிச்சுக்காதே, இரு. உன் ஸ்கிரிப்டை நான் ராத்திரியே படிச்சுட்டேன். 'பட்டணத்தில் பதினெட்டுப்பட்டி'. முதல் பாதி நல்லாயிருக்கு. ஆலமரத்தடியில சொம்பு தூக்கிட்டு நிக்கிறவனுக்குத் தனியா ஒரு அல்லக்கை, அந்த அல்லக்கைக்கு ஒரு குட்டிச் சொம்பு. நான் படுத்துக்கிட்டே சிரிச்சேன், உங்க அப்பத்தா பயந்துபோய்த் திருநீறு எடுத்துட்டு வந்துட்டா. அது சினிமாக் கிராமத்தை அடிக்குது. ரெண்டாம் பாதியில என்ன பண்ணியிருக்கே? பஸ் போர்டு படிக்கத் தெரியாத கிழவி, ஏடிஎம்முல கார்டைத் தலைகீழாச் சொருகுற கெழவன். அது எந்தப் படத்துல வந்துச்சு? எதை நீ காப்பி அடிச்சே? அது ஸ்பூஃப் கிடையாதுப்பா. அது உன் சொந்தக்காரங்க. கூத்துல கட்டியங்காரன் ராஜாவைத்தான் நொட்டை சொல்லுவான். கிரீடம் வச்சவன் நடையை நடந்து காட்டுவான், சுத்தி நின்னு பாக்கிற கூலிக்காரன் நடையை நடக்க மாட்டான். நடந்தா அவனுக்கு ராத்திரிக் கஞ்சி கெடைக்காதுங்கிறது ஒரு காரணம். அது மட்டுமே காரணம்னு நான் நினைக்கலை.

2010-ல சி.எஸ். அமுதன் 'தமிழ்ப் படம்' எடுத்தாருல்ல. சினிமாப்பட்டின்னு ஒரு ஊரு. அங்க ஆம்பளைப் புள்ள பொறந்தா கொன்னுடுவாங்க, வளந்து மெட்ராஸ் போய் ஆக்சன் ஹீரோ ஆயிடுவான்னு பயம். 'கருத்தம்மா' படத்தைத் திருப்பிப் போட்ட காட்சி. பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் ஊத்தின ஜில்லாக்கள் இருக்கிற நாட்டுல அதை எடுத்து விளையாடுறது அருவாமேல நடக்கிற வேலை. எனக்கு முதல்ல வயித்துல ஒரு மாதிரி ஆச்சு. அப்புறம் பாத்தேன், அடி யார் மேல விழுதுன்னு: புழுதி பறக்க வந்து நிக்கிற ஹீரோ மேல. அதனால தப்பிச்சுச்சு. ரெண்டு விரக்கடை நகந்திருந்தா அந்தத் தாய்மார் மேல விழுந்திருக்கும். விஜய் டிவியில 'லொள்ளு சபா' பசங்களும் பெரிய படமாப் பாத்துத்தான் கை வச்சாங்க; ஓடாத படத்தைக் கிண்டல் பண்ண என்ன இருக்கு, அது ஏற்கெனவே அழுதுக்கிட்டிருக்கு.

வக்கீல் நோட்டீஸ் வருமான்னு கேட்டியே. வரலாம். அமெரிக்காவுல ராய் ஆர்பிசன் 1964-ல பாடின 'ஓ, பிரிட்டி வுமன்' பாட்டை '2 லைவ் க்ரூ'ன்னு ஒரு ராப் கோஷ்டி பேரடி பண்ண அனுமதி கேட்டுச்சு. குடுக்கலை. கேட்டும் குடுக்காததை எடுத்துக்கிட்டுப் பாடிட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1994-ல அத்தனை நீதிபதிகளும் ஒரே குரல்ல, காசுக்குப் பண்ணின பேரடின்னாலும் நியாயமான உபயோகத்துல சேரலாம்னு சொல்லிட்டாங்க. அதுல நம்ம ரெண்டாம் பாதிக்கும் ஒரு சேதி இருக்கு: பேரடிக்கு அசலைத் தொட்டே ஆகணும், ஏன்னா அது பேசுறதே அசலைப் பத்தி; வேற எதையோ கிண்டல் பண்ண அடுத்தவன் பாட்டை எடுத்தா, ஏன் எடுத்தேன்னு காரணம் சொல்லணும்.

நம்ம நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1957-ல வந்தது, ஸ்பெகட்டி மரம் காய்ச்ச அதே வருசம். அதுல பேரடிங்கிற சொல்லே கிடையாது. 52-வது பிரிவுல விமர்சனத்துக்கு எடுத்தாளலாம்னு இருக்கு, அந்த இடுக்குலதான் புகுந்துக்கணும். கேரளத்துல ஒருத்தர் புகுந்தாரு. தோப்பில் பாசியோட 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' ரொம்பப் பேர் போன நாடகம்: நீங்க என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கிட்டீங்கன்னு தலைப்பு. சிவிக் சந்திரன் அதுக்கு எதிர்நாடகமா, 'நீங்க யாரைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீங்க?'ன்னு ஒண்ணு எழுதினாரு. அதே பாத்திரங்க, அதே வசனங்க சிலது. கேள்வி மட்டும் வேற. வழக்கு வந்துச்சு. கேரள உயர் நீதிமன்றம் 1996-ல, இது காப்பி இல்ல, விமர்சனம்தான்னு நாடகத்தை நடத்த விட்டுடுச்சு. நீயும் கேள்வி கேட்டிருந்தா தப்பிச்சுக்கலாம். வெறும் விக்கு மாட்டிட்டு ஆடினா நீதிபதிக்கும் சிரிப்பு வராது.

சட்டம் போகட்டும், மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. வியர்ட் ஆல் யாங்கோவிச்னு ஒரு அமெரிக்கப் பாட்டுக்காரன் பேரடிப் பாட்டாவே பாடிப் பேர் வாங்கினவன். அசல் பாட்டுக்காரங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் பாடுவான். சட்டப்படி தேவை இல்லாத எடத்துலயும் கேப்பான். உன் ஸ்கிரிப்டுல ஒரு கெழவன் வர்றான், பேச்சுக்கு நடுவுல செருமுறான், துண்டால கழுத்தைத் துடைக்கிறான், எதைச் சொன்னாலும் 1957-ங்கிறான். யார்கிட்டக் கேட்டு எழுதினே?

அனுமதி குடுத்தாச்சு, முழிக்காதே. ஆனா அந்த வேசத்துக்கு மெட்ராஸ்ல இருந்து ஒட்டு மீசைக்காரனைக் கூட்டிட்டு வராதே. நானே நடிக்கிறேன். சிரிக்க மாட்டேன், 'டொய்ங்' சத்தம் போட விட மாட்டேன், ரெண்டாம் பாதியில வர்ற கெழவி வசனத்தை உங்க அப்பத்தாகிட்டப் படிச்சுக் காட்டி, அவ சரின்னா மட்டும்தான் கேமராவை எடுக்கணும். சம்பளம் பேட்டா எல்லாம் உன் இஷ்டம். சூட்டிங் மட்டும் காலையில பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்தப்புறம், எட்டரைக்கு மேல வச்சுக்கோ.